கதை, வசனம்: பரந்தாமன்

"சிரிப்பு வரணும்னா எவன் வூட்டு அடுப்பையாவது மேடைக்குத் தூக்கிக்கினு வரணும்டா. ஆனா..."

பரந்தாமனின் பெரியப்பா கூத்தில் சிரிப்புக் காட்டுகிற கட்டியங்காரன் வேஷம் கட்டியவர். இந்த 'ஆனா'வுக்குப் பிறகு இன்னொரு பாதியும் சொன்னார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, விரலை நீட்டி, ரொம்பக் கண்டிப்பாகச் சொன்னார். அந்தப் பாதி பரந்தாமனுக்கு மறந்துபோயிற்று. ஞாபகம் இருந்த பாதியை வைத்துக்கொண்டே ஆம்பூரில் ஒரு மனிதர் நாடகாசிரியர் ஆகிவிட முடிந்தது. அப்புறம் மறந்த பாதியைத் தேடி யார் அலைவார்கள்?

பரந்தாமன் தோல் பதனிடும் ஒரு டேனரியில் ஷிப்பிங் கிளார்க். பகலெல்லாம் ஜெர்மனிக்காரனுக்கு இங்கிலீஷில் கடிதம். தங்கள் மேலான கடிதம் கிடைத்தது, தோல் கப்பலேறிவிட்டது, தாமதத்துக்கு மிகவும் வருந்துகிறோம். இந்த மூன்று வாக்கியத்தை மாற்றி மாற்றிப் போட்டே உத்தியோகத்தை ஓட்டிவந்தார். சாயங்காலம் ஆனால் ஆளே வேறு. தொழிலாளர் மனமகிழ் மன்றத்தின் நாடகக் குழுவுக்கு அவர்தான் ஆசிரியர், அவர்தான் கதாநாயகன். எமர்ஜென்சி முடிந்து ஊர் மறுபடியும் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கியிருந்த வருஷம் அது. அந்தச் சிரிப்பில் பாதி தன் உபயம் என்று பரந்தாமன் நம்பினார்.

"எப்படி சார் இந்த மாதிரி வசனம் வருது உங்களுக்கு?" என்று யாராவது கேட்டால் ஆள்காட்டி விரலால் நெற்றியை இரண்டு தட்டுத் தட்டுவார்.

"எல்லாம் இங்கேருந்துதான்."

உண்மையில் அது சமையலறையிலிருந்து வந்தது.

அவர் மனைவி அம்சவேணி குடியாத்தத்துக்காரி. லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். இடைவிடாத தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். அந்த வீட்டில் நீட்டி முழக்கிப் பேசினால் பாதிதான் காதில் விழும். அதனால் சுருக்கமாகப் பேசுவாள், கேட்கிறவனுக்குச் சுருக்கென்று இருக்கும். மற்ற புருஷன்மார்கள் பெண்டாட்டியின் வாய்க்குப் பயந்து வீட்டுக்குத் தாமதமாகப் போவார்கள். பரந்தாமன் அந்த வாய்க்கு ஆசைப்பட்டுத் தாமதமாகப் போவார். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பாசஞ்சர் ரயிலை வழியனுப்பிவிட்டு, வேண்டுமென்றே நேரம் கழித்து, ஒன்றும் தெரியாத முகத்தோடு கதவைத் தட்டுவார்.

"இன்னாங்க, இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க? இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா பால்காரரோட சேர்ந்து வந்திருக்கலாமே. எனக்கும் ஒரே தடவை தாப்பா திறக்கறதோட வேலை முடிஞ்சிருக்கும்."

பரந்தாமனுக்குப் புல்லரிக்கும். இரண்டாவது காட்சி தயார்.

கடைத்தெரு காட்சிக்கு வசனம் தேவைப்பட்டபோது, கூடை முழுக்கச் சொத்தைக் கத்திரிக்காயாகப் பொறுக்கி வாங்கிவந்தார். பொறுக்கியதைப் பார்த்துக் கடைக்காரனே பரிதாபப்பட்டான்.

"இது கத்திரிக்காயா, புழுவுக்குக் கட்டின குவாட்டர்ஸா?"

"நல்லாருக்குன்னு சொன்னாம்மா."

"விக்கறவன் வேற இன்னா சொல்வான்? வாங்கறவருக்குக் கண்ணு எங்க போச்சு?"

"ஒண்ணு ரெண்டு சொத்தை இருக்கத்தான் செய்யும்."

"தோல்ல ஊசி நுழையற ஓட்டை இருந்தாக்கூட ஜெர்மனிக்காரன் திருப்பி அனுப்பறான்னு சொல்றீங்க. நான் உங்களை எங்க திருப்பி அனுப்பறது? உங்களைப் பொறுக்கினது எங்கப்பா, குடியாத்தம் வரைக்கும் கப்பல் வருமா?"

"இரு வேணி, வயிறு சரியில்ல" என்று பரந்தாமன் கொல்லைப்பக்கம் ஓடினார். கதவைச் சாத்திக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் அத்தனையையும் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதினார். தான் திட்டும்போதெல்லாம் புருஷனுக்கு வயிற்றைக் கலக்கிவிடுகிறது என்று அம்சவேணிக்கு நிஜமாகவே கவலை. திரும்பி வந்ததும் ஒரு டம்ளர் ஓமத்தண்ணி நீட்டுவாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். இலக்கியத்துக்காகச் சிறை போனவர்கள் இருக்கிறார்கள். பரந்தாமன் ஓமத்தண்ணி குடித்தார்.

அவளை மட்டும் நாடகத்துக்கு அழைத்துப்போனதே இல்லை.

"இன்னா கதைங்க இந்த வாட்டி?"

"ராஜா கதை. வாளு, கேடயம், ஒரே ரத்தம். உனக்கு ஒத்துக்காது."

"பொம்பளை வேஷமே இல்லியா?"

"ஒரு ராணி உண்டு. ஊமை ராணி."

அந்த ஊமை ராணி வேஷம் கட்டியவர் கோவிந்தராஜ். தோலை இரண்டாகச் சீவும் மெஷினில் வேலை. கை ஒவ்வொன்றும் தூண் மாதிரி. நாடகம் என்றால் மீசையை எடுத்துவிட்டு, பவுடர் அப்பிக்கொண்டு, அம்சவேணியின் மாங்காய்க் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு வருவார். புடவை சலவைக்குப் போயிருக்கிறது என்று வீட்டில் சொல்லியிருந்தது.

இனி சம்பத் விஷயத்துக்கு வரவேண்டும். சிரிப்பு கொஞ்சம் பொறுக்கட்டும்.

சம்பத் அம்சவேணியின் தம்பி. அதே டேனரியில் தோல் காயப்போடும் இடத்தில் வேலை செய்தான். அக்கா வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை. ஆரம்ப நாடகங்களில் போலீஸ்காரன் வேஷம் அவனுக்குத்தான். விசிலை ஊதச் சொன்ன இடத்தில் ஊதாமல், ஊதக்கூடாத இடத்தில் ஊதுவான். டேனரி மொத்தத்துக்கும் செல்லப்பிள்ளை. ஒரு கோடையில் மஞ்சள் காமாலை வந்து, வேலூருக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அவனோடு வேலை செய்தவர்களே தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போன மறுநாள், அம்சவேணி உலையில் அரிசி போட்டுவிட்டு அப்படியே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"பானை நெறஞ்சிபோச்சுங்க. அவன் இல்லன்னு தலைக்குத் தெரியுது. கை மட்டும் மூணு பேருக்கே போடுது. கைக்கு யாரு போய்ச் சொல்றது?"

பரந்தாமன் அழுதார். பொய்யில்லை, நிஜமாகவே அழுதார். மச்சான் மேல் அவருக்கும் உயிர். அழுது முடித்து முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனவர், துண்டைத் தேடுவதற்கு முன்னால் சிகரெட் அட்டையைத் தேடினார்.

உடனே அதை எடுத்து மேடையில் வைத்துவிடவில்லை. அந்த அளவுக்கு மோசமான மனிதர் இல்லை. ஒரு வருஷம் போகட்டும் என்று காத்திருந்தார். அப்புறம் 'பஸ் ஏறிய மாமியார்' என்று ஒரு நாடகம் எழுதினார். மாமியாரை ஏமாற்றி ஊருக்கு பஸ் ஏற்றிவிடுகிறான் மருமகன். நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தால் பானை நிறையச் சோறு. ஏனடி இவ்வளவு என்று கேட்கிறான். கோவிந்தராஜ் தூண் கையை நீட்டி, வளையல் குலுங்க, கீச்சுக் குரலில் சொல்கிறார்: "போய்ட்டாங்கன்னு தலைக்குத் தெரியுது மாமா. கைக்கு யாரு போய்ச் சொல்றது?"

டேனரி முற்றம் அதிர்ந்தது. ஸ்டோர்கீப்பரும் மன்றச் செயலாளருமான மக்பூல் அகமது மேடைக்குப் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா! போதும் தோஸ்த், வயிறு வலிக்குது!"

சாவு இருந்த இடத்தில் பஸ்ஸை வைத்தாயிற்று, தம்பி இருந்த இடத்தில் மாமியாரை வைத்தாயிற்று, இனி அது என் வசனம்தான் என்று பரந்தாமன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்த வசனம் மேடையிலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்தது. தோல் ஊறும் தொட்டியில் சுண்ணாம்பை ஜாஸ்தியாகக் கொட்டிவிட்டவனை மேஸ்திரி திட்டினால், "கைக்கு யாரு போய்ச் சொல்றது மேஸ்திரி?" என்பான். பிரியாணிக் கடையில் கறித்துண்டு கம்மியாக விழுந்தாலும் அதே பதில். பரந்தாமன் தெருவில் நடந்தாலே அவர் வசனம் எதிரில் வந்தது. மார்பு இரண்டு அங்குலம் விரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்சவேணியோடு மார்க்கெட்டுக்குப் போனார். காய்கறி விற்கிற பூங்காவனம் அவரைக்காயை அள்ளி முறத்தில் போட்டாள்.

"இன்னா பூங்காவனம், நான் கேட்டது இவ்ளோதானா? அளவு கம்மியா இருக்குதே" என்றாள் அம்சவேணி.

"ஐய, கை அவ்ளோதான் அள்ளுது. கைக்கு யாரு போய்ச் சொல்றது?" பூங்காவனம் கையை நீட்டி வளையலைக் குலுக்கிக்காட்டி, தானே சிரித்தாள்.

அம்சவேணி எடுத்த அவரைக்காயைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"இது இன்னா பேச்சு? யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்க ஊட்டுக்காரரு சொல்லிச் சொல்லி சிரிப்பாரு. தோல் கம்பெனி நாடகத்துல கோவிந்தராஜு பொம்பளை வேஷம் கட்டிக்கினு சொல்லுமே. நீ பாக்கல? உங்க ஊட்டுக்காரரு எழுதினது தானே?"

"அது வேற கம்பெனி, வேற நாடகம்" என்றார் பரந்தாமன். அவசரத்தில் பேரம் பேசாமலேயே பையை நீட்டினார்.

அம்சவேணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "அப்படிங்களா" என்றாள். அவ்வளவுதான்.

வீடு வரைக்கும் இடி விழும் என்று எதிர்பார்த்துக் கொண்டே நடந்தார். விழவில்லை. சாப்பாட்டிலும் விழவில்லை. திட்டு விழாததால் விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். நாடகம் மறுபடியும் வேண்டும் என்று ஊரே கேட்டதால் அந்த மாதமே இன்னொரு தடவை போட்டார்கள். அதற்கும் பழையபடி 'ராஜா கதை' என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகுதான் வசனத்துக்குப் பஞ்சம் வந்தது.

வந்த நேரமும் பொல்லாத நேரம். டேனரி மேனேஜர் வில்சனின் மச்சான் கிறிஸ்துராஜ் மெட்ராஸில் ஒரு சபாவின் செயலாளர். பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வருகிறார், நாடகம் பார்க்கிறார். "அவருக்குப் புடிச்சிட்டா மெட்ராஸ் மேடை தோஸ்த்!" என்றார் மக்பூல் அகமது. "நோட்டீஸ்ல உன் பேரு பெரிய எழுத்துல வரும்." கதை, வசனம்: பரந்தாமன். அந்த எழுத்தைச் சுவரிலும் கண்ணாடியிலும் கூரையிலும் பார்க்க ஆரம்பித்தார். பகலெல்லாம் தாமதத்துக்கு வருந்துகிற ஒரு கிளார்க்குக்கு, வாழ்க்கையில் அதற்கு மேல் இன்னொன்று கேட்கத் தோன்றாது.

அந்த நேரத்தில் அம்சவேணி மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ரயில்களை வழியனுப்பிவிட்டு வந்தார். "களைப்பா இருப்பீங்க, கை கழுவிட்டு வாங்க" என்றாள். சொத்தைக் கத்திரிக்காய் வாங்கிவந்தார். "பரவால்லங்க, நல்ல பக்கமா நறுக்கிக்கறேன்" என்றாள். பரந்தாமனுக்கு வியர்த்தது. கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"உங்கப்பன் எனக்கு இன்னா செஞ்சான்? ஒரு லுங்கி குடுத்தான். அதுவும் சாயம் போச்சு."

"ஆமாங்க" என்றாள்.

ஆமாங்க! இதை வைத்துக்கொண்டு எந்த மெட்ராஸைப் பிடிப்பது? நிஜமாகவே அவருக்கு வயிறு கலங்கிவிட்டது. யாரும் ஓமத்தண்ணி கொடுக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் மேனேஜரின் மனைவி ஜெபராணி டீச்சர் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தார். அம்சவேணி அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது வழக்கம். அன்றைக்கு ஒரு ரவிக்கைக்கு அளவெடுக்க மத்தியானம் முழுக்க ஆயிற்று. உள்ளே இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்கள். டீச்சர் போன கையோடு மடை திறந்தது.

"சாப்பாட்டுக்கு முன்னாடி சாமி கும்பிடறவரைப் பாத்திருக்கேன். கும்பிடும்போதே குத்தம் சொல்றவரை இப்பத்தான் பாக்கறேன். 'முருகா, உப்பு கம்மியான இந்த ரசத்துக்காக உனக்கு நன்றி'ன்னா, முருகன் இன்னா உங்க ரசத்துக்கு சூப்பர்வைசரா?"

பரந்தாமன் திகைத்தார். "நான் எப்பம்மா அப்படிக் கும்பிட்டேன்?"

"கும்பிடலியா? கும்பிட்டாலும் கும்பிடுவீங்க. முன்னாடியே சொல்லி வைக்கறேன்."

மறுநாள் அடுத்தது.

"பல்லியைப் பாத்தா நாற்காலி மேல ஏறி நின்னுக்கினு, 'அதை கேட்டுக்கு வெளிய அனுப்பு'ன்னு ஆர்டர் போட்டா? பல்லி இன்னா லேபரா? கேட் பாஸ் கேக்குமா?"

"எனக்குப் பல்லின்னா பயமே இல்லியே!"

"இருந்தா இன்னா செய்வீங்க?"

அதற்கும் மறுநாள்: "சக்கரை டின்னுக்குப் பூட்டு, சாவி இடுப்புல. புரண்டு படுத்தா ஊட்ல மணி அடிக்குது. திருடன் வந்தா, கோயிலோன்னு நெனச்சி கும்பிட்டுப் போய்டுவான்."

பரந்தாமனுக்கு எதிலும் சந்தேகம் வரவில்லை. பஞ்சத்தில் மழை பெய்தால் எந்த ஊர் மேகம் என்று யார் கேட்கிறார்கள்? "வயிறு, வயிறு" என்று ஓடிக்கொண்டே இருந்தார். 'வீட்டுக்கு ஒரு சூப்பர்வைசர்' தயாராயிற்று. சூப்பர்வைசர் புருஷனாக அவர், மனைவியாக கோவிந்தராஜ். தோல் கட்டுகள் அடுக்கிய கோடவுனில் ஒத்திகை நடந்தபோது மக்பூல் அகமது மட்டும் தாடியைச் சொறிந்தார்.

"இந்தப் புருஷனை எங்கியோ பாத்த மாதிரி இருக்கு தோஸ்த். யாரு இவரு?"

பரந்தாமன் நெற்றியைத் தட்டினார்.

பொங்கலன்று சாயங்காலம் அவர் கிளம்பும்போது அம்சவேணி வாசல் வரைக்கும் வந்தாள். "போய்ட்டு வாங்க. ராஜா ஜெயிக்கட்டும்."

டேனரி முற்றத்தில் பேக்கிங் பெட்டிகளை அடுக்கி மேடை. முன்வரிசையில் வில்சன், பக்கத்தில் கிறிஸ்துராஜ். இடது பக்கம் நீளத்துக்கும் துணி கட்டி மறைத்திருந்தார்கள். அந்த ஊரில் எந்தக் கூட்டமானாலும் பெண்களுக்கு அப்படித்தான் தனி இடம். துணிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து மேடையைப் பார்க்கலாம். மேடையிலிருந்து பார்த்தால் துணிதான் தெரியும்.

திரை விலகிற்று. பரந்தாமன் சாப்பிட உட்கார்ந்து, கண்ணை மூடி, கைகூப்பினார். "முருகா, உப்பு கம்மியான இந்த ரசத்துக்காக உனக்கு நன்றி."

கிறிஸ்துராஜ் குடித்துக்கொண்டிருந்த சோடா மூக்கு வழியாக வந்தது.

"அத்தான்!" என்று வில்சனின் தோளைப் பிடித்துக்கொண்டார். "மத்தியானம் ஜெபம் பண்ணச்சே நீங்க கர்த்தர்கிட்ட இதைத்தானே சொன்னீங்க!"

முன்வரிசை திரும்பி வில்சனைப் பார்த்தது. வில்சன் டையைச் சரிசெய்தார். மேடையில் பரந்தாமனுக்குக் கேட்டதெல்லாம் சிரிப்புதான். மெட்ராஸ் சிரிப்பு! உற்சாகம் தாங்காமல் பல்லிக் காட்சியில் நாற்காலி மேல் ஏறினவர், ஒத்திகையில் இல்லாத ஒரு அலறலும் அலறினார். முன்வரிசை இப்போது மேடையைப் பார்க்கவில்லை. வில்சனையே பார்த்தது.

அடுத்து சர்க்கரை டின். பரந்தாமன் இடுப்புச் சாவியைத் தொட்டுத் தடவி, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். வில்சனின் கை தன்னையறியாமல் சொந்த இடுப்புக்குப் போயிற்று. கிலுங்கென்று ஒரு சத்தம்.

சும்மா உட்கார்ந்திருந்தால் பின்வரிசைக்கு இது வெறும் நாடகமாகவே போயிருக்கும். வில்சன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஸ்டாப் இட்! இதெல்லாம் எப்படி வெளிய போச்சு?"

 அதோடு சுண்ணாம்புத் தொட்டி ஆட்கள் நின்ற கடைசி மூலை வரைக்கும் விஷயம் புரிந்தது. துணி மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைத்துப் பழகிய ஜெபராணி டீச்சரின் குரல்.

"உக்காருங்க. நாடகந்தானே."

வில்சன் உட்கார்ந்தார். நின்றதைவிட அது மோசமாகப் போயிற்று.

கோவிந்தராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வரிசை தெரியும். எதிராளி வாய் மூடினால் தன் முறை என்று தெரியும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடைசி வசனத்தை எடுத்துவிட்டார்.

"பொண்டாட்டியையும் தோல் மாதிரித்தான் தரம் பிரிச்சீங்க. ஃபர்ஸ்ட், செகண்ட், ரிஜக்ட். நானும் உங்களை ஒருநாள் வெளிச்சத்துல வச்சிப் பாத்தேன். உங்களுக்குப் போட என்கிட்ட கிரேடே இல்ல!"

துணிக்குப் பின்னாலிருந்து வந்த கைதட்டலில் துணியே ஆடியது.

திரை விழுவதற்குள் வில்சன் வலது பக்கப் படியில் ஏறிவந்தார். கிறிஸ்துராஜ் இடது பக்கப் படியில் ஏறிவந்தார். இரண்டு பேர் வாயிலும் ஒரே கேள்வி.

"யாரு எழுதினது இது?" என்றார் வில்சன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "எழுதினவன் நாளைலேர்ந்து இந்த கேட்டுக்குள்ள வரக்கூடாது."

"யாரு சார் எழுதினது இது?" என்றார் கிறிஸ்துராஜ். கையில் பேனா திறந்திருந்தது. "எழுதினவங்க பேரு வேணும். மாசிலயே மெட்ராஸ்ல போடறோம்."

பரந்தாமன் இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பாவி மனம் மூன்றாவதாக ஒரு முகத்தைத் தேடிற்று.

"கோவிந்தராஜ் சொந்தமா கொஞ்சம் சேர்த்துக்கிட்டாரு சார்..."

கோவிந்தராஜ் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். "நானா? சம்பளத்துக்கு நான் கைநாட்டு சார்."

"செயலாளர் கூட அங்கங்க..."

மக்பூல் அகமது ஓரடி பின்னால் போனார். "எல்லாம் இங்கேருந்துதான்னு இவரு நெத்தியைத் தட்டுவாரு சார். ஊரே பாத்திருக்கு."

"ஒரு நிமிஷம் சார், வயிறு சரியில்ல" என்று பரந்தாமன் மேடையை விட்டு இறங்கி ஓடினார். ஓடி எங்கே போவது? மேடைக்குப் பின்னால், துணி மறைப்பு முடிகிற மூலையில் அம்சவேணி நின்றிருந்தாள்.

"நீ இங்க இன்னா பண்ற?"

"ஊமை ராணியைப் பாக்க வந்தேன்."

அவர் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"போன தடவையும் வந்தேங்க. டீச்சரக்கா இட்டுக்கினு வந்தாங்க. இதே எடத்துல உக்காந்திருந்தேன். என் பொடவையைக் கட்டிக்கினு அந்த ஆளு கையை நீட்டினாரு. தோ, அங்க நிக்கறாங்களே பக்கத்தூட்டு ஜஹீதா, என் தொடையைத் தட்டித் தட்டி சிரிச்சாங்க. எல்லாரும் சிரிக்கச்சே ஒருத்தி மட்டும் சும்மா இருந்தா திரும்பிப் பாப்பாங்க இல்ல? அதனால நானும் சிரிச்சேன். எந்தம்பி செத்ததுக்கு நானும் சிரிச்சேங்க."

"வேணி, அதையெல்லாம் வூட்ல பேசிக்கலாம். அங்க ரெண்டு பேர் நிக்கறாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

"நீங்க எழுதினேன்னு சொல்லுங்க. மெட்ராஸ் வரும்."

"வேலை போய்டும்!"

"அப்ப நான் சொன்னதுன்னு சொல்லுங்க. வேலை தங்கும். வில்சன் சாரு என்னை எந்த கேட்ல நிறுத்துவாரு? ஊட்ல அவரை டீச்சரக்கா பாத்துக்குவாங்க. அவங்க சொல்லித்தான் அவங்க ஊட்டுக் கதையை நான் சொன்னேன்."

"மெட்ராஸ்?"

"அது என் பேருக்கு வரும்."

 நோட்டீஸில் பெரிய எழுத்து ஒவ்வொன்றாக உதிர்ந்தது. ஆனால் மாதச் சம்பளம் நோட்டீஸில் வராது, வீட்டுக்கு வரும். கிளார்க் புத்தி கணக்குப் போட்டு முடித்துவிட்டது.

"சரி. உன் பேரையே சொல்லிடறேன்."

"சும்மா இல்ல." அம்சவேணி அவர் சட்டையில் ஒட்டியிருந்த பவுடரைத் தட்டிவிட்டாள். "மைக்ல சொல்லணும். ஊரே சொல்லி சிரிக்குதே, அது எப்ப சொன்ன வார்த்தை, யாருக்காகச் சொன்ன வார்த்தைன்னு முதல்ல சொல்லணும். அப்புறந்தான் என் பேரு. அதை முழுங்கிட்டு என் பேரை மட்டும் எடுத்தீங்கன்னா, நான் இந்தத் துணியைத் தள்ளிக்கினு மேலே வருவேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் அவரு நெத்தியிலேர்ந்து வந்ததுதான்னு சொல்லிட்டுப் போய்டுவேன்."

"அங்க நிக்கறவங்க பாதிப்பேர் அவனைத் தோள்ல தூக்கினவங்க வேணி. அந்த வசனத்துக்குச் சிரிச்சிருக்காங்க. இப்ப போய் இதைச் சொன்னா அவங்களுக்கு எப்படி இருக்கும்?"

"எனக்கு இருந்த மாதிரி இருக்கும்."

மேடையில் மக்பூல் அகமது மைக்கில் பரந்தாமனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் இன்னும் கலையவில்லை. யாரோ ஒருவன் இருட்டும் நேரத்து உற்சாகத்தில், "கைக்கு யாரு போய்ச் சொல்றது?" என்று கத்தினான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பரந்தாமன் படியேறினார். ஒரு பக்கம் வில்சன், மறுபக்கம் திறந்த பேனாவோடு கிறிஸ்துராஜ். மாங்காய்க் கலர் புடவையில் கோவிந்தராஜ் பீடியை அணைத்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்.

மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, பரந்தாமன் சம்பத்தின் பெயரிலிருந்து ஆரம்பித்தார்.